வட்டில் காணாமற்போன 111 ஜிபி

ஒரே கணினியில், ஒரே நேரத்தில், ஒரே வட்டைப் பற்றி இரண்டு கட்டளைகளைக் கேட்டபோது இரண்டும் வெவ்வேறு கணக்குச் சொல்லின. 'டிஎஃப்' என்ற கட்டளை, 208 ஜிபி நிரம்பிவிட்டது, இனி எழுத இடமில்லை என்றது. 'டியூ' என்ற கட்டளை, வட்டில் உள்ள எல்லாக் கோப்புகளையும் கூட்டினாலும் 97 ஜிபிதான் வருகிறது என்றது. இரண்டுக்கும் இடையில் நின்ற 111 ஜிபியைத் தேடிய வேலையின் பதிவு இது.

கணினி இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் உள்ள இந்த ஊரில், கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடந்தால் பொள்ளாச்சிச் சாலை என்பதால், கடைத்தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழே பெரும்பாலும் காதில் விழும். கணினிக்கு உரியவர் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. கேரள வழக்கப்படி தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர். கேரளப் பள்ளிகளுக்குக் கணினி வசதிகளைச் செய்துதரும் அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட குனு லினக்ஸ் இயங்குதளத்தையே தருவதால், பள்ளியில் பழகிய கையோடு வீட்டிலும் அவர் உபுண்டு மாட்டே 22.04 பதிப்பை வைத்திருக்கிறார். உள்ளே 240 ஜிபி எஸ்எஸ்டி. வெளியே, தனி அடாப்டரில் ஓடும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று, பேக்கப்புக்காக. தமிழ்ப் பாடநூல்களின் பிடிஎஃப்கள், வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், 2020இல் கேரளக் கல்வி அலைவரிசையான விக்டர்ஸின் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் நடந்த காலத்தில் சேமித்துவைத்த தமிழ்வழிப் பாட வீடியோக்கள், பள்ளி விழாப் படங்கள் ஆகியவை கணினியில் இருந்தன.

"தம்பி, நான் அழிக்க அழிக்க அது ரொம்பிட்டே இருக்குது" என்றார் டீச்சர். அந்த ஒரு வரியைத் துருவியபோது இரண்டு தனித்தனி அறிகுறிகள் கிடைத்தன. பழைய வீடியோக்களை அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலிசெய்தால் இடம் வருகிறது; ஆனால் மறுநாள் காலையில் அந்த இடம் போய்விடுகிறது. இது முதலாவது. எதையும் அழிக்காமலேயே கணினியை அணைத்துப் போட்டால் சில சமயம் பல ஜிபி திரும்பக் கிடைக்கிறது. சில வாரங்களில் அதுவும் மெல்லத் தேய்ந்துவிடுகிறது. இது இரண்டாவது. இரண்டையும் ஒரே நோயின் குறிகள் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். இங்கே நோய்கள் இரண்டு என்பதால்தான் அவர் செய்து பார்த்த எதுவும் முழுமையாகப் பலிக்கவில்லை.

இனி எதையும் அழிக்க வேண்டாம், அணைக்கவும் வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டேன். வட்டு நிரம்பிவிட்டது என்றவுடன் கண்ணில் படுவதையெல்லாம் அழிப்பது நம் எல்லாருக்கும் உள்ள வழக்கம். அதனால் வேண்டிய கோப்புகள் போவது ஒருபுறம் இருக்க, எது இடத்தைத் தின்றது என்பதற்கான சான்றும் போய்விடுகிறது. குறிப்பாக, மறுதொடக்கம் செய்தால் தானாகவே மறைந்துவிடும் வகைச் சிக்கல் ஒன்று லினக்ஸில் உண்டு. அதைப் பிடிக்க வேண்டுமானால் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

டிஎஃப் காட்டிய எண்களிலிருந்து தொடங்கினேன். 240 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது 240 நூறு கோடி பைட்டுகளை. கணினி 1024இன் மடங்குகளில் எண்ணும்போது அது 223.5 ஆகிறது. அதில், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு, ஒவ்வொரு கோப்பின் விவரமும் இருக்கும் ஐநோட் அட்டவணைகளுக்கும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலுக்கும் எடுத்துக்கொண்டது போக மொத்த அளவாக 219 காட்டியது. பயன்பட்டது 208, மீதம் பூஜ்யம். 219இல் 208 போனால் 11 இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். எக்ஸ்ட்4 உருவாக்கப்படும்போதே 5 விழுக்காடு இடத்தை ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கிவைக்கிறது. சாதாரணப் பயனர் வட்டை நிரப்பிவிட்டாலும் கணினியின் அடிப்படைப் பணிகள் நின்றுபோகாமல் இருக்கவும், கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. அந்த 11 ஜிபி காணாமற்போகவில்லை, பூட்டிவைக்கப்பட்டிருந்தது. எனவே தேடவேண்டிய 111இல் அது சேராது.

அடுத்து ஐநோட்டுகள் தீர்ந்துபோயிருக்கின்றனவா என்று டிஎஃப்பை 'ஐ' விருப்பத்துடன் ஓட்டிப் பார்த்தேன். இலட்சக்கணக்கான குறுங்கோப்புகள் சேர்ந்தால், வட்டில் இடம் இருந்தும் "இடமில்லை" என்ற அறிவிப்பு வருவதுண்டு. இங்கே 9 விழுக்காடுதான் செலவாகியிருந்தது. அந்தப் பாதையை அங்கேயே மூடிவிட்டேன்.

டியூவை ஓட்டும் முறையில் கவனம் வேண்டும். நிர்வாக அனுமதி தரும் சூடோ இல்லாமல் ஓட்டினால் பிற பயனர்களின் கோப்புறைகளையும், எல்லாக் கோப்புறைகளுக்கும் மேலே இருக்கும் வேர்க் கோப்புறையின் பல உள்ளறைகளையும் திறக்க அனுமதி இன்றித் தாண்டிச் சென்று, குறைந்த கணக்கைத் தரும். ஒரே கோப்பமைப்புக்குள் நிற்கச் சொல்லும் 'எக்ஸ்' விருப்பம் இல்லாமல் ஓட்டினால் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொள்ளும்; ஸ்னாப் முறையில் நிறுவிய மென்பொருள் பொதிகள் சுருக்கிய ஒற்றைக் கோப்புகளாக ஓரிடத்தில் கிடக்க, அவற்றின் விரிந்த வடிவம் ஸ்னாப் கோப்புறையில் தொங்குவதால் அவற்றையும் இருமுறை எண்ணி, மிகைக் கணக்கைத் தரும். இரண்டையும் சரியாகக் கொடுத்து, வேரிலிருந்து ஓட்டியபோதுதான் 97 வந்தது. அதில் டீச்சரின் வீட்டுக் கோப்புறை 61, மென்பொருள்கள் உள்ள யூஎஸ்ஆர் 14, பதிவுகள் போன்ற மாறும் தரவு உள்ள வார் கோப்புறை 17, ஸ்வாப் கோப்பு 2, மற்றவை எல்லாம் சேர்ந்து 3. வார் சற்று அதிகம்தான் என்றாலும், நூறு ஜிபிக்கு மேல் விழுங்கிய குற்றவாளி அங்கே இல்லை.

வண்ண வளையங்களாக வட்டைப் படம் போட்டுக் காட்டும் வட்டுப் பயன்பாட்டு அலசி உபுண்டு மாட்டேயிலேயே இருக்கிறது. டீச்சர் அதைப் பலமுறை திறந்து பார்த்திருக்கிறார். டெர்மினலில் ஓடும் என்சிடியூ அதைவிட வேகமானது. ஆனால் இவை எல்லாமே டியூவின் உறவுக்காரர்கள்தாம். கோப்புறை கோப்புறையாக நடந்து, பெயருள்ள கோப்புகளைக் கண்டு, அவற்றின் அளவைக் கூட்டுகின்றன. டியூவுக்குத் தெரியாதது இவற்றுக்கும் தெரியாது. இந்த வகைக் கருவியை மாற்றி மாற்றி நிறுவிப் பார்ப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

டிஎஃப் கோப்புகளைப் பார்ப்பதே இல்லை. வட்டு பிரிக்கப்பட்டுள்ள சிறு கட்டங்களில் எத்தனை எடுக்கப்பட்டுள்ளன, எத்தனை மீதம் என்று கோப்பமைப்பிடமே கேட்டு, அது வைத்திருக்கும் கணக்கை அப்படியே சொல்கிறது. ஆகையால் டிஎஃப் கூடுதலாகவும் டியூ குறைவாகவும் காட்டினால், கட்டங்கள் யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் பெயரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அந்த இடத்தை அடைய முடியவில்லை என்று பொருள். பெயர் வழியாக அடைய முடியாத இடம் லினக்ஸில் பொதுவாக மூன்று விதங்களில் உருவாகிறது: பெயர் அழிக்கப்பட்ட பின்னும் ஒரு நிரல் கோப்பைத் திறந்தே வைத்திருப்பது, கோப்புகள் இருக்கும் கோப்புறையின் மீது வேறொரு வட்டு ஏற்றப்பட்டிருப்பது (அதாவது அந்த வட்டு அந்தக் கோப்புறையின் வழியாகத் தெரியும்படி இணைக்கப்பட்டிருப்பது), கோப்பமைப்பே பழுதுபட்டிருப்பது. மூன்றாவது அரிது, மற்ற இரண்டையும் பார்த்த பிறகே அதற்குப் போக வேண்டும்.

முதலாவதைச் சோதிக்க 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளை போதும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் அந்தக் கட்டளைக்குக் கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்ற விருப்பத்தைச் சேர்த்தால், பெயர்களின் எண்ணிக்கை ஒன்றுக்கும் குறைவான கோப்புகளை, அதாவது பெயரே இல்லாமல் போனவற்றை மட்டும் காட்டும். சூடோவுடன் ஓட்டியதும் திரை நிறைய வரிகள் வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றின் கடைசியிலும் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தது, பல வரிகளில் அளவு 2,577 கோடி பைட் என்று இருந்தது. அத்தனையையும் கூட்டினால் வட்டின் கொள்ளளவையே தாண்டிவிடும். ஐநோட் எண் உள்ள பத்தியைப் பார்த்தால் விளங்கிவிடுகிறது: எல்லா வரிகளிலும் எண் ஒன்றே. ஒரே கோப்பைத்தான் திரையோரப் பட்டையான பேனல், கோப்பு மேலாளர், ஒலிக் கட்டுப்பாடு என்று திரைப்பணியகத்தின் எல்லா நிரல்களும் திறந்து வைத்திருந்தன. 2,577 கோடி பைட் என்பது 24 ஜிபி.

அந்தக் கோப்பின் பழைய பெயரும் அங்கேயே தெரிந்தது: வீட்டுக் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கி மறைந்திருக்கும் 'எக்ஸ்செஷன் எரர்ஸ்'. உள்நுழைவுத் திரையைக் காட்டும் லைட் டிஎம் வழியாக உள்நுழையும் திரைப்பணியகங்களில், திறக்கப்படும் நிரல்கள் முணுமுணுக்கும் எச்சரிக்கைகள் அனைத்தும் இந்தக் கோப்பில் போய்ச் சேர்கின்றன. பெயர் போய்விட்டாலும் உள்ளடக்கத்தைப் படிக்க வழி இருக்கிறது. 'ப்ராக்' கோப்புறைக்குள், கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் எண்ணுக்குரிய கோப்புறையில், 'எஃப்டி' என்பதன் கீழ் 2 என்ற இணைப்பை 'டெயில்' கட்டளையால் பார்த்தால் கடைசி வரிகள் வந்து விழும். வந்தவை எல்லாம் ஒரே புலம்பல்: பேனலில் டீச்சர் சேர்த்திருந்த அப்லெட் என்னும் சிறு நிரல் ஒன்று, ஒரு படக்குறியைக் காணவில்லை என்ற எச்சரிக்கையை நொடிக்குப் பல முறை எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு பதிவுக் கோப்பு பெருத்துப்போனது மட்டும் என்றால் டியூ அதைக் கண்டிருக்கும். அது மறைந்து வளர்ந்ததற்குக் காரணம், கணினியை அமைத்துக்கொடுத்தவர் வைத்துப் போயிருந்த துப்புரவு ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை ஓட்டும். அது எக்ஸ்செஷன் எரர்ஸ் கோப்பை 'ஆர்எம்' கட்டளையால் அழிக்கும். லினக்ஸில் ஆர்எம் அழிப்பது கோப்பின் பெயரை மட்டுமே. கடைசிப் பெயரும் போய், திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் அதை மூடிய பிறகுதான் கட்டங்கள் விடுவிக்கப்படும். டீச்சர் கணினியை அணைப்பதில்லை, உறங்க வைப்பார். திரைப்பணியகம் வாரக்கணக்கில் தொடர்ந்து ஓடும். பெயரில்லாத கோப்பில் அப்லெட் எழுதிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போடும்போது இடம் திரும்பியதற்கான விளக்கம் இதுதான். இரண்டாவது அறிகுறி இத்துடன் தீர்ந்தது.

விடுவிக்க, அதே ப்ராக் இணைப்பின் மீது வெறுமையை எழுதிக் கோப்பைப் பூஜ்ய அளவுக்குச் சுருக்கினேன். டிஎஃப் உடனே 208இலிருந்து 184க்கு இறங்கியது. வெளியேறி மீண்டும் உள்நுழைந்தாலும் இதே பலன் கிடைக்கும். அப்லெட்டைப் பேனலிலிருந்து நீக்கி, துப்புரவு ஸ்கிரிப்டிலிருந்த ஆர்எம் வரியையும் எடுத்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பதிவுக் கோப்பைச் சிறிதாக்க வேண்டுமானால் 'ட்ரங்கேட்' கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்க வேண்டும், அழிக்கக் கூடாது.

இன்னும் 87 ஜிபி பாக்கி. மறுதொடக்கத்தால் தீராத பங்கு இது. கிரானில் இன்னொரு வேலையும் இருந்தது: இரவு 11 மணிக்கு வீட்டுக் கோப்புறையை ஆர்சிங்க் கட்டளையால் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பது. அந்த வட்டு ஏற்றப்படும் இடம் 'எம்என்டி' கோப்புறைக்குள் 'பேக்கப்' என்ற கோப்புறை. நான் பார்த்த நேரத்தில் வட்டு இணைந்திருந்தது, பேக்கப்பும் ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் அப்படி ஒழுங்காகத் தெரியும்போதுதான் அடியில் இருப்பதைப் பார்க்க முடியாது. களத்தில் காயப்போட்ட கொப்பரையின் மீது தார்ப்பாய் விரித்தால் பாய்தான் கண்ணுக்குத் தெரியும், கொப்பரை அங்கேயேதான் கிடக்கும். ஒரு கோப்புறையின் மீது வட்டு ஏறும்போதும் நடப்பது அதுவே. அதில் முன்பு இருந்த கோப்புகள் அழிவதில்லை, வட்டு இறங்கும் வரை எட்டாமல் இருக்கும்.

வட்டை இறக்காமலேயே அடியில் பார்க்கலாம். எம்என்டி கோப்புறைக்குள் 'அடி' என்று ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, 'மவுண்ட்' கட்டளையின் 'பைண்ட்' விருப்பத்தால் வேர்க் கோப்புறையை அங்கே இன்னொரு முறை ஏற்றினேன். இப்படி ஏற்றும்போது அந்தக் கோப்பமைப்பு மட்டுமே வரும். அதன் மீது ஏறியிருக்கும் பிற வட்டுகள் உடன் வருவதில்லை. பிறகு அந்தப் புதிய பாதை வழியாகப் பேக்கப் கோப்புறைக்குப் போய் டியூவை ஓட்டினேன். 86 ஜிபி. மீதமுள்ள ஒன்றைக் கட்டளைகள் முழு எண்ணாக்கிக் காட்டும் வேறுபாட்டில் எழுதிக்கொள்ளலாம். கோப்பமைப்புப் பழுதைத் தேட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

அது எப்படி அங்கே சேர்ந்தது என்பதைக் கோப்புகளின் தேதிகளும் டீச்சரின் நினைவும் சேர்ந்து சொல்லின. கோடை மழைக் காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். வந்தவுடன் கணினி தானாகக் கிளம்பிவிடும். வெளி ஹார்ட் டிஸ்க்கின் சுவிட்சை யாராவது போட்டால்தான் அது கிளம்பும். வட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கட்டும் என்பதற்காக எந்த வட்டை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'நோஃபெயில்' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த விருப்பம் தவறானதன்று. அது இல்லாவிட்டால் வட்டு இல்லாத நாளில் கணினி அவசர நிலையில் போய் நிற்கும். ஆனால் அதன் விளைவாக, வட்டு ஏறாத இரவுகளில் எம்என்டிக்குள் இருக்கும் பேக்கப் என்பது எஸ்எஸ்டியிலேயே உள்ள சாதாரணக் கோப்புறையாகிவிடுகிறது. ஆர்சிங்க்குக்கு அந்த வேறுபாடு தெரியாது. சொன்ன பாதை இருக்கிறது, எழுத அனுமதி இருக்கிறது, எழுதியது. வட்டு நிரம்பும் வரை எழுதி, நிரம்பியதும் பிழை சொல்லி நின்றது. கிரான் அந்தப் பிழையை அஞ்சலாக அனுப்பப் பார்க்கும். கணினியில் அஞ்சல் சேவை எதுவும் நிறுவப்படாததால் அதை வீசிவிட்டது. பகலில் டீச்சர் ஏதாவது அழித்து இடம் உண்டாக்கினால், இரவில் ஆர்சிங்க் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முதல் அறிகுறிக்கு விளக்கம் இது.

61 ஜிபி வீட்டுக் கோப்புறையின் நகல் 86 ஜிபியாக இருந்ததும் இயல்பே. மூலத்தில் அழிந்ததை நகலிலும் அழிக்கச் சொல்லும் 'டிலீட்' விருப்பம் ஸ்கிரிப்டில் இல்லாததால், டீச்சர் இடத்துக்காக அழித்த வீடியோக்கள் எல்லாம் அடியில் பத்திரமாக இருந்தன. துப்புரவு ஸ்கிரிப்ட் ஓடுவதற்கு முன் என்றோ நகலான எக்ஸ்செஷன் எரர்ஸ் கோப்பு ஒன்றும் அங்கே 9 ஜிபியில் படுத்திருந்தது.

இந்த இடத்தில் கை தானாகவே ஆர்எம் கட்டளைக்குப் போகும். நகலின் நகல்தானே, அழித்தால் என்ன என்று தோன்றும். வெளி வட்டு இல்லாத இரவுகளின் நகல் இது என்பதால், அந்த நாட்களில் புதிதாக உருவாகி, வட்டு மீண்டும் ஏறும் முன்பே அழிக்கப்பட்ட கோப்பு எதுவும் வெளி வட்டுக்குப் போயிருக்காது. இங்கே மட்டும்தான் இருக்கும். ஆகவே ஆர்சிங்க்கையே ஒத்திகை முறையில், 'இருப்பதை விட்டுவிடு' என்ற விருப்பத்துடன், அடியிலிருந்து வெளி வட்டை நோக்கி ஓட்டினேன். எதையும் நகலெடுக்காமல், வெளி வட்டில் இல்லாத கோப்புகளின் பெயர்களை மட்டும் அது சொன்னது. பட்டியல் நீளமில்லை. இரண்டு வகுப்புகளின் வினாத்தாள்கள், காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல் ஒன்று, ஆண்டு விழாப் படங்கள் கொஞ்சம். மதிப்பெண் பட்டியலை டீச்சர் இடம் இல்லை என்று அழித்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாராம். பெயர் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் உள்ளவற்றை 'செக்சம்' விருப்பத்துடன் தனியாக ஒப்பிட்டேன். அவற்றில் வெளி வட்டில் இருந்தவையே புதியவை. இல்லாதவற்றை வெளி வட்டில் தனிக் கோப்புறைக்கு மாற்றி, எதை வைத்துக்கொள்வது என்பதை அவரிடமே விட்டேன்.

அழிப்பதைப் பைண்ட் பாதை வழியாகச் செய்யவில்லை. அந்தப் பாதையின் கீழ்க் கணினி முழுவதுமே தெரிகிறது. ஒரு சொல் பிசகினால் ஆர்எம் கணினியையே துடைத்துவிடும். அதனால் பைண்டை இறக்கி, வெளி வட்டையும் இறக்கி, அடாப்டரையும் கழற்றிவிட்டு, 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் பேக்கப் கோப்புறையின் மீது எதுவும் ஏறியிருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அதன் உள்ளடக்கத்தை அழித்தேன். டிஎஃப் 98 காட்டியது. டியூவும் அதை ஒட்டியே வந்தது.

மீண்டும் நேராமல் இருக்க இரண்டு காவல்கள் வைத்தேன். ஆர்சிங்க் வரிக்கு முன்னால், வட்டு ஏறியிருந்தால் மட்டும் மேலே செல், இல்லையேல் நேரத்தைக் குறித்துவிட்டு நில் என்று சொல்லும் சோதனையை மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சேர்த்தது ஒன்று. இன்னொன்றை நான் அதைவிட நம்புகிறேன். வட்டு இறங்கியிருக்கும்போது, வெறுமையான பேக்கப் கோப்புறைக்கு 'சிஹெச்ஆட்டர்' கட்டளையால் மாறாத்தன்மையை ஏற்றிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கோப்புறைக்குள் ரூட் பயனரே எழுத முயன்றாலும் அனுமதி கிடைக்காது. அதன் மீது வட்டை ஏற்றுவதற்கு அது தடையில்லை. வட்டு ஏறியபின் எழுதப்படுவது வட்டின் கோப்பமைப்பில் என்பதால் பேக்கப் எப்போதும் போல ஓடும். ஸ்கிரிப்டை நாளை வேறொருவர் மாற்றி எழுதினாலும் இந்தக் காவல் நிற்கும்.

வெளி வட்டு இல்லாமல் பேக்கப் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டிப் பார்த்தோம். நேரத்தைக் குறித்துவிட்டு நின்றது. சோதனை வரியைத் தற்காலிகமாக மறைத்துவிட்டு ஓட்டினோம். ஆர்சிங்க் முதல் கோப்பிலேயே அனுமதி இல்லை என்று திரும்பியது. வரியைத் திரும்ப வைத்து, வட்டை இணைத்து ஓட்டியபோது நகல் ஒழுங்காக நடந்தது.

பிறகு வார் கோப்புறையின் 17 ஜிபிக்கு வந்தேன். கணினியின் நிகழ்வுப் பதிவான சிஸ்டம்டி ஜர்னல் 3.9 ஜிபி எடுத்திருந்தது; கோப்பமைப்பின் பத்தில் ஒரு பங்கு, அதிகம் போனால் 4 ஜிபி என்பது அதன் இயல்பு வரம்பு என்பதால் அது தன் எல்லைக்குள்தான் இருந்தது. வீட்டுக் கணினிக்கு அவ்வளவு வரலாறு தேவையில்லை; 500 எம்பிக்குச் சுருக்கி, அமைப்புக் கோப்பிலும் அதையே வரம்பாக எழுதினேன். ஸ்னாப் ஒவ்வொரு பொதிக்கும் பழைய பதிப்பு ஒன்றையும் வைத்துக்கொள்வதால், முடக்கப்பட்டவை என்று குறிக்கப்பட்டிருந்தவற்றை நீக்கினேன். மென்பொருள் நிறுவும் ஏபிடி கருவி தரவிறக்கி வைத்திருந்த பொதிகளை 'கிளீன்' கட்டளை துடைத்தது. எல்லாம் சேர்ந்து 10 ஜிபி. இணையத்தில் லினக்ஸ் வட்டு நிரம்புவதைப் பற்றித் தேடினால் இந்த மூன்று யோசனைகள்தாம் முதலில் வரும், தவறில்லை. ஆனால் 111 ஜிபி பள்ளத்தை வைத்துக்கொண்டு இவற்றிலிருந்து தொடங்கியிருந்தால், இரண்டு இரவுகளில் அந்தப் 10 ஜிபியையும் ஆர்சிங்க் நிரப்பியிருக்கும்.

ரூட் பயனருக்கான 5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 'ட்யூன்2எஃப்எஸ்' கட்டளையால் 2 விழுக்காடாகக் குறைத்தேன். கோப்பமைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம். பூஜ்யமாக்கச் சொல்லும் அறிவுரைகள் உண்டு. தரவுக்கு மட்டுமான வட்டில் அது சரி, இயங்குதளம் இருக்கும் வட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். வட்டு முற்றிலும் நிரம்பியிருந்தும் டீச்சரின் கணினி உள்நுழைய விட்டதற்கும் கட்டளைகள் ஓடியதற்கும் அந்தப் பூட்டிய 11 ஜிபிதான் காரணம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டீச்சரின் மகன் மடிக்கணினியிலும், சி டிரைவின் பண்புகள் காட்டும் அளவுக்கும் உள்ளிருக்கும் கோப்புறைகளை எல்லாம் தேர்ந்தெடுத்துக் கூட்டிய அளவுக்கும் இடைவெளி இருந்தது. அங்கே இடைவெளியின் இருப்பிடங்கள் வேறு: மீட்டெடுப்புப் புள்ளிகள் தங்கும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் கோப்புறைக்குள் நிர்வாகியும் எளிதில் நுழைய முடியாது, துயில் கோப்பும் பக்கக் கோப்பும் வேரில் மறைந்திருக்கும். 'விஎஸ்எஸ்அட்மின்' கட்டளையிடம் நிழல்நகல் சேமிப்பைப் பட்டியலிடச் சொன்னால் முதலாவதன் அளவும் உச்ச வரம்பும் தெரிந்துவிடும். விஸ்ட்ரீ என்ற கருவி கோப்புறைகளில் நடக்காமல் விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ்ஸின் முதன்மை அட்டவணையையே படிப்பதால், அனுமதி இல்லாத கோப்புறைகளின் அளவையும் காட்டுகிறது. மகன் கணினியில் மீட்டெடுப்புப் புள்ளிகளின் உச்ச வரம்பைக் குறைத்ததே போதுமானதாக இருந்தது.

டீச்சரின் வட்டில் இப்போது 88 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது, 127 ஜிபி எழுதக் கிடைக்கிறது. பேக்கப் குறிப்புக் கோப்புக்கு ஒரு குறுக்குவழியைத் திரைமேசையில் வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்த ஒரு நாளின் மறுகாலை அதில் "வட்டு ஏற்றப்படவில்லை, நகல் நடக்கவில்லை" என்ற வரி இருந்ததாகவும், சுவிட்சைப் போட்டுவிட்டு அவரே ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டதாகவும் சொன்னார். ஹார்ட் டிஸ்க்கையும் கணினியையும் ஒரே யுபிஎஸ்ஸில் கொண்டுவந்துவிட்டால் அந்த வரியும் வராது. பாலக்காட்டுக்குப் போகும்போது அதற்கான யுபிஎஸ் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.